ஜப்பானிய ஓவியத்திலும் கவிதையிலும் வாத்துகள் ஏன் இத்தனை?

"ஜப்பானிய மர அச்சுப் படம், மடிப்புத் திரை, ஹைக்கூ என்று எதைப் புரட்டினாலும் ஏதாவது ஒரு வாத்து வந்துவிடுகிறதே, வெறும் அழகுக்காகவா, இல்லை அதற்கென்று ஒரு பொருள் உண்டா? இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது?" என்பது கேள்வி.

பொருள் உண்டு. ஆனால் 'இந்தப் பறவை என்றால் இந்த அர்த்தம்' என்று அகராதி வைத்துக்கொண்டு போனால் பாதிதான் பிடிபடும். ஜப்பானிய ஓவியத்தில் ஒரு நீர்ப்பறவை வந்து இறங்கும்போது இரண்டு சுமைகளோடு இறங்குகிறது. ஒன்று பருவம். இன்னொன்று, அதைப் பற்றி அதற்கு முன்னால் எழுதப்பட்ட கவிதைகள். அந்தச் சுமையை ஓவியரும் கவிஞரும் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதில்தான் சுவையே இருக்கிறது. சிலர் அப்படியே சுமக்கவிட்டார்கள். சிலர் இறக்கி வைத்தார்கள். எனக்குப் பிடித்தவர்கள் இரண்டாம் வகை.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்து நீண்டு, உடல் பருத்து, வானத்தில் வரிசை கட்டிப் பறப்பதைக் காட்டு வாத்து என்கிறேன். ஜப்பானியர் அதைக் கரி என்றும் கன் என்றும் சொல்வார்கள். அதைவிடச் சிறியதாய்க் குளத்தில் மிதப்பதைத் தாரா என்கிறேன்; அது கமோ. வண்ணச் சிறகோடு ஜோடியாக வருவது ஒஷிதோரி, நாம் மாண்டரின் வாத்து என்று கேள்விப்பட்டிருப்பது.

இவற்றில் காட்டு வாத்துகளும் பெரும்பாலான தாராக்களும் ஜப்பானுக்கு விருந்தாளிகள். சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் வந்து சேர்ந்து, குளிர்காலத்தைக் கழித்து, செர்ரி பூக்கும் சமயத்தில் திரும்பிப் போகும். வருஷம் தவறாமல் வந்து போகிற ஒன்றைக் காலண்டராக வைத்துக்கொள்வது எந்த விவசாய நாட்டிலும் நடப்பதுதான். ஜப்பானியர் அதை இலக்கண விதியாகவே ஆக்கிவிட்டார்கள். மரபான ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும். அதற்குக் கிகோ என்று பெயர். 'காட்டு வாத்து' என்று மட்டும் எழுதினால் இலையுதிர்காலம். 'திரும்பிப் போகும் காட்டு வாத்து' என்றால் வசந்தம். தாரா என்றால் குளிர்காலம், ஒஷிதோரியும் அப்படியே. தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தபடியே தூங்கும் பறவைகளுக்கு 'உகினேதோரி' என்று தனியாக ஒரு குளிர்காலச் சொல். திரும்பிப் போகாமல் கோடையிலும் தங்கிவிட்ட தாராவுக்குக்கூட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதனால் ஓவியர் வேறு அடையாளம் எதுவும் வைக்காமல் ஒரு பறவையை மட்டும் வரைந்தாலே, பார்ப்பவருக்கு ஏறக்குறைய எந்த மாதம், காற்று எப்படி இருக்கும், எத்தனை மணிக்கு இருட்டும் என்பதெல்லாம் கூடவே வந்துவிடும்.

இந்த வழக்கம் சட்டமாவதற்குப் பல நூறு வருஷம் முன்பே கவிதையில் பறவை வந்துவிட்டது. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷூவில் சுமார் 4,500 பாடல்கள். அதில் இளவரசர் ஓத்சு பாடியதாக ஒன்று. அவர் தெம்மு பேரரசரின் மகன். 686இல் தந்தை இறந்த கையோடு ராஜதுரோகக் குற்றம் சுமத்தி அவரைச் சாகடித்தார்கள். வயது 24. சாகும் நாளில் இவாரே குளக்கரையில் அழுதபடி பாடியதாகக் குறிப்பு இருக்கிறது: இந்தக் குளத்தில் கத்துகிற தாராக்களை இன்றோடு பார்த்துவிட்டு, நான் மேகத்துக்குள் மறைந்துவிட வேண்டியதுதானா? அவர் பெயரில் பிற்பாடு யாரோ எழுதியது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யார் எழுதியிருந்தாலும், சாகப்போகிறவன் கண்ணில் பட வேறு எவ்வளவோ இருக்க, குளத்துத் தாராவைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அது குளிர்காலத்தின் தொடக்கம். அவை அப்போதுதான் வந்திருக்கும். இவர் போகிறார்.

அதே தொகுப்பில் இளவரசர் ஷிகியின் பாட்டும் உண்டு. 706இல் பேரரசரோடு நானிவாவுக்கு, அதாவது இன்றைய ஒசாகா பக்கம், போயிருந்தபோது பாடியது. நாணல் ஓரமாய் நீந்தும் தாராவின் சிறகுகள் சேரும் இடத்தில் உறைபனி படிகிறது. இந்தக் குளிர்ந்த மாலையில் யமாதோ நினைவுக்கு வருகிறது. யமாதோ அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். இருட்டப்போகிற நேரத்தில், நீரில் நகரும் பறவையின் முதுகில் படிந்த பனி கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. தன் உடம்பில் ஏறும் குளிரைத்தான் பறவையின் மேல் வைத்துப் பார்க்கிறார்.

அடுத்த கட்டம் 905இல் அரச ஆணையின்படி தொகுக்கப்பட்ட கோகின்ஷூ. இங்கே தாரா பின்னுக்குப் போய்க் காட்டு வாத்து முன்னுக்கு வருகிறது, சீன இலக்கியப் படிப்பும் கூடவே நுழைகிறது. கி நோ தொமொனோரியின் பாட்டில், இலையுதிர்காலக் காற்றில் முதல் காட்டு வாத்தின் குரல் கேட்டதும், யாருடைய கடிதத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ என்று கேட்கிறார். இது சூ வூ கதை. சீனாவின் ஹான் பேரரசின் தூதராகப் போன சூ வூவை வடக்கே ஷியுங்னு மக்கள் 19 வருஷம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆள் செத்துவிட்டார் என்று அவர்கள் சாதித்தபோது, 'எங்கள் பேரரசர் ஒரு காட்டு வாத்தை அம்பெய்து வீழ்த்தினார், அதன் காலில் சூ வூவின் கடிதம் இருந்தது' என்று சீனத் தூதர்கள் சொல்ல, வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு கடிதமே கிடையாது. அது தூதர்கள் புனைந்த கதை. அந்தப் பொய்யிலிருந்துதான் கடிதம் சுமக்கும் பறவை என்ற படிமம் ஜப்பான் வரைக்கும் பறந்தது.

அதே தொகுப்பில் ஈசே என்ற பெண் கவிஞர் கேட்பது எனக்கு இன்னும் பிடிக்கும். வசந்த மூட்டம் எழும் நேரத்தில் அதை விட்டுவிட்டுப் போகின்றனவே இந்தக் காட்டு வாத்துகள், பூவே இல்லாத ஊரில் வாழ்ந்து பழகியவையோ? ஊர் முழுக்கப் பூவுக்காகக் காத்திருக்க, இவை மட்டும் கிளம்புகின்றன. இதில் லேசான கிண்டல் இருக்கிறது. அரசவைக் கவிதையில் அது அரிது.

1000ஆம் ஆண்டையொட்டிய உரைநடையிலும் இதுதான். அரசவைப் பெண்மணி சேய் ஷோனகொன் தன் குறிப்புகளின் தொடக்கத்திலேயே, இலையுதிர்காலம் என்றால் அந்திப்பொழுது என்று சொல்லி, வரிசையாகப் பறக்கும் காட்டு வாத்துகள் மிகச் சின்னதாகத் தெரிவதை ரசிக்கிறார். கெஞ்சி கதை என்ற அந்தக் காலத்து நாவலில் வரும் ஒரு பெண்ணுக்குப் பெயரே 'மேகத்துக் காட்டு வாத்து'. காதலனைப் பிரித்து வைத்த இரவில், அந்தப் பறவையும் என்னைப் போலத்தானோ என்று அவள் முணுமுணுத்ததால் வாசகர்கள் வைத்த பெயர்.

கெஞ்சி கதையை எழுதிய முரசாகி ஷிகிபுவின் நாட்குறிப்பில் ஒரு பகுதி இருக்கிறது. நீர்ப்பறவை பற்றிய ஜப்பானிய எழுத்தில் ஒன்றே ஒன்று படிப்பதானால் அதைப் படிக்கச் சொல்வேன். 1008, இலையுதிர்காலம். அவர் பணிசெய்த பேரரசிக்கு மகன் பிறந்திருக்கிறான். குழந்தையைப் பார்க்கப் பேரரசர் வரப்போகிறார். மாளிகையே அல்லோலகல்லோலப்படுகிறது, தோட்டத்தில் எங்கிருந்தெல்லாமோ சாமந்திச் செடிகளைக் கொண்டுவந்து நடுகிறார்கள். விடிகாலையில் முரசாகி குளத்தைப் பார்க்கிறார். பறவைகள் கவலையில்லாமல் விளையாடுகின்றன. அவர் பாடுகிறார்: நீர்மேல் மிதக்கும் பறவை என்று வேறாய்ப் பார்ப்பேனா, நானும் மிதந்துகொண்டுதானே நாளைக் கழிக்கிறேன். பாட்டோடு நிறுத்தியிருந்தால் அரசவை மரபில் இன்னொரு பாட்டு. ஆனால் அதற்குக் கீழே, அவை மகிழ்ச்சியாய் விளையாடுவதுபோல்தான் தெரிகிறது, உள்ளுக்குள் அந்த உடம்பு படும் பாடு எவ்வளவோ என்று சேர்க்கிறார். மேலே பட்டு உடை, உள்ளே மூச்சு முட்டல் என்று வாழ்ந்த ஒரு பெண், நீருக்கடியில் ஓயாமல் துழாவும் கால்களை நினைத்துக்கொள்கிறார்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். வேர் சீனத்தில்தான். ஷியாவோ, ஷியாங் ஆறுகள் சேரும் பகுதியின் எட்டுக் காட்சிகள் என்று சீனாவின் சோங் அரச மரபுக் காலத்தில் ஒரு தொகுப்பு உருவானது. அதில் ஒன்று, மணல்திட்டில் இறங்கும் காட்டு வாத்துகள். 13ஆம் நூற்றாண்டுத் துறவி முச்சி இதை மையால் வரைந்தார். ஜப்பானியர் அவரை மொக்கெய் என்பார்கள். சீனாவில் அவருக்குக் கிடைக்காத மரியாதை ஜப்பானில் கிடைத்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான அஷிகாகா ஷோகுன்களின் சேகரிப்புக்கு வந்த அந்த நீண்ட சுருளை, சுவரில் மாட்ட வசதியாகத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். இன்று நெஞ்சு பதைக்கும், அன்று அது கௌரவம். காட்டு வாத்துத் துண்டு இப்போது தோக்கியோவின் இதெமித்சு அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. கீழே சில பறவைகள், தூரத்தில் புள்ளிகளாக இறங்கும் ஒரு வரிசை, மிச்சமெல்லாம் மங்கல். தாளின் பெரும்பகுதியில் எதுவுமே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஈரமும் அந்தியும் இருக்கின்றன.

ஜென் பௌத்த மடங்கள் இந்தப் பறவையைப் பிடித்துக்கொண்டன. நாணலும் காட்டு வாத்தும் என்பது தனி வகை ஓவியமாகவே வளர்ந்தது. அதில் ஒரு பாடத்திட்டம்கூட உண்டு: பறக்கும் பறவை, கத்தும் பறவை, உறங்கும் பறவை, மேயும் பறவை என்று நான்கு நிலைகள். இனி இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் நான்கும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள், பல படங்களில் அகப்படும். ஏன் துறவிகளுக்கு இது பிடித்தது என்பதற்குத் தோகென் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு பாட்டே போதும். 1253இல் மறைந்த அந்த ஜென் குரு சொல்வது: நீர்ப்பறவை போவதும் வருவதும் தடயமே விடுவதில்லை, ஆனாலும் வழியை அது மறப்பதில்லை.

வாள்வீரர் மியமோதோ முசாஷியும் இந்த வகையை வரைந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் குமமோதோவில் ஹொசொகாவா குடும்பத்தின் ஆதரவில் இருந்தவர், 1645இல் இறந்தார். ஒரு ஜோடி மடிப்புத் திரையில் ஒன்றில் வெள்ளைக் காட்டு வாத்துகள், மற்றதில் கறுத்தவை. எய்செய் புன்கோ சேகரிப்பில் இருக்கிறது. சண்டைக்காரர் வரைந்தது என்பதற்காகத் தூரிகையில் வாள்வீச்சைத் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது நிதானம்தான். பறவைகள் சும்மா நிற்கின்றன, ஒன்றிரண்டு தலை திருப்பிப் பார்க்கின்றன.

அதே நூற்றாண்டில் கனோ பள்ளி ஓவியர்கள் அரண்மனைச் சுவர்களையும் நகர்வுக் கதவுகளையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கியோத்தோவின் நிஜோ கோட்டையில் மூத்த அமைச்சர்களின் அறையில் காட்டு வாத்துகள். எதோ நகரின் (இன்றைய தோக்கியோ) கோட்டையில் ஒரு கூடத்துக்கே காட்டு வாத்து அறை என்று பெயர். எந்தப் பிரபு எந்த அறையில் உட்கார வேண்டும் என்பது அந்தஸ்தைப் பொறுத்தது என்பதால், 'காட்டு வாத்து அறைக்காரர்' என்பது ஒரு பதவித்தரமாகவே ஆகிவிட்டது. துறவியின் வெற்றுத்தாளிலிருந்து அரசு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த கதை இது. அதிகம் சொல்ல இல்லை.

எட்டுக் காட்சிகளை ஜப்பானியர் தங்கள் மண்ணுக்கும் மாற்றிக்கொண்டார்கள். பிவா ஏரியைச் சுற்றி எட்டு இடங்கள், ஒமி எட்டுக் காட்சிகள் என்று பெயர். அதில் இறங்கும் காட்டு வாத்துகளுக்கு ஒதுக்கிய இடம் கததா, ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கோயில் மண்டபம் உள்ள ஊர். மர அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1830களில் இதை அச்சில் வடித்தார்: மண்டபம், அகன்ற நீர், மேலே வரிசையாகச் சரிந்து வரும் பறவைகள். கததா என்றாலே படித்தவர்களுக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஹைக்கூ மேதை பாஷோவைப் படிக்க வேண்டும். 1690, இலையுதிர்காலம். அதே கததாவில் அவர் உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார். எழுதியது: நோயுற்ற காட்டு வாத்து, இரவுக் குளிரில் விழுகிறது, வழிப்பயண உறக்கம். மூன்றே துண்டுகள். கததாவில் பறவை 'இறங்கும்' என்பது ஊரறிந்த அழகு. பாஷோ அதே வினையை வைத்துக்கொண்டு, வரிசையிலிருந்து பிரிந்த ஒரு பறவையை விழ வைக்கிறார். விழுந்தது பறவையா, படுக்கையில் இவரா என்று பிரிக்க முடியாது. காட்சி பார்க்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இருட்டில் ஒரு சத்தம் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இதன் தொடர்ச்சி சுவாரஸ்யமானது. அடுத்த வருஷம் சருமினோ தொகுப்புக்காகச் சீடர்கள் கியொராயும் போன்சோவும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தப் பாட்டையும் கததாவிலேயே எழுதிய இன்னொரு பாட்டையும் தந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார் பாஷோ. அந்த இன்னொன்றில் ஒரு மீனவர் குடிசை, குவித்துக் கிடக்கும் சின்ன இறால்கள், நடுவே ஒரு பூச்சி. போன்சோவுக்கு இறால்தான் புதுமை. கியொராயோ, இறால் மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் நானே எழுதிவிடுவேன், காட்டு வாத்தின் உயரத்தை என்னால் எட்டவே முடியாது என்றார். ஒத்துவராமல் இரண்டையும் சேர்த்தார்கள். பிறகு பாஷோ, நோயுற்ற காட்டு வாத்தையும் இறாலையும் ஒரே தட்டில் வைத்துச் சண்டை போட்டீர்களாக்கும் என்று சிரித்தாராம். என் ஓட்டு கியொராய்க்கு. ஆனால் போன்சோ சொன்னதிலும் நியாயம் உண்டு: காட்டு வாத்துக்குப் பின்னால் எண்ணூறு வருஷக் கவிதை முட்டுக்கொடுத்து நிற்கிறது, இறாலுக்கு யாருமில்லை.

பாஷோவின் இன்னொரு பாட்டு, 1684 குளிர்காலத்தில் இன்றைய நகோயா பக்கம் அத்சுதாவில் கடலில் படகேறிப் போனபோது எழுதியது. உமி குரெதே, கமோ நோ கோஎ, ஹோனோகா நி ஷிரோஷி. கடல் இருண்டது, தாராவின் குரல் மங்கலாய் வெண்மை. குரலுக்கு நிறம் கொடுத்தது ஒருபுறம் இருக்கட்டும், அசை எண்ணிக்கையைப் பாருங்கள். 5, 7, 5 என்று வர வேண்டியது 5, 5, 7 என்று வருகிறது. 'ஹோனோகா நி ஷிரோஷி'யை நடுவில் போட்டுக் 'கமோ நோ கோஎ'யைக் கடைசிக்குத் தள்ளினால் கணக்கு அப்படியே சரியாகிவிடும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். தெரிந்தும் செய்யவில்லை. மாற்றினால் முதலில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்து, பிறகு அது தாராக் குரல் என்று விடை கிடைக்கும், விடுகதை ஆகிவிடும். இப்போதுள்ள வரிசையில் முதலில் காதில் குரல் விழுகிறது, அது எங்கிருந்து என்று இருட்டில் துழாவும்போது வெண்மை வருகிறது.

பாட்டும் படமும் ஒரே கையில் கூடியவர் என்றால் பூசோன். 1716இல் பிறந்தவர், ஓவியம் விற்றுப் பிழைத்தவர், ஹைக்கூவில் பாஷோவுக்கு அடுத்தபடி பேசப்படுபவர். அவருடைய ஒரு பாட்டு: ஒரு வரிக் காட்டு வாத்துகள், தாழ்ந்த மலைமேல் முத்திரையாய் நிலா. வானம் தாளாகிவிட்டது, பறவைகள் அதில் எழுதிய ஒற்றை வரி, மூலையில் ஓவியரின் முத்திரை. இயற்கையைப் பாடுவதுபோல் தன் மேசையைப் பாடுகிறார். அழகான பாட்டு, ஆனால் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் தூக்கலாக இருக்கிறது. அவருடைய இன்னொன்று எனக்கு நெருக்கம்: தாராக்கள் தொலைவில், மண்வெட்டியைக் கழுவும் நீரில் அலை நெளிகிறது. வேலை முடித்த விவசாயி குனிந்து மண்வெட்டி கழுவுகிறார், அலை விரிந்து பறவைகள் பக்கம் போகிறது. அவர் பறவையைப் பார்த்தாரா என்றுகூடப் பாட்டு சொல்லவில்லை.

பூசோன் பிறந்த அதே 1716இல், கியோத்தோவின் நிஷிகி சந்தைக் காய்கறி மொத்த வியாபாரி வீட்டில் பிறந்தவர் இதோ ஜகுச்சூ. நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரைய உட்கார்ந்தார். 1757 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷத்தில் முடித்த 30 பட்டு ஓவியங்களைச் ஷோகொகுஜி மடத்துக்குக் கொடுத்தார். 1889இல் அவை அரண்மனைக்குப் போயின, 2021இல் தேசியப் பொக்கிஷம் ஆயின. சேவல்களுக்காகப் புகழ்பெற்ற வரிசை, ஆனால் அதில் காட்டு வாத்தும் உண்டு. பனி சுமந்த நாணலுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பறவை தலைகீழாக, ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்கிறது. முச்சியின் பறவைகள் மணலில் மெல்ல அமர்ந்தால், இது கல் விழுவதுபோல விழுகிறது. பின்னணியில் அந்தி கிடையாது, ஏக்கம் கிடையாது, கடிதம் கிடையாது. நாணலில் ஒட்டிய பனி கரைந்து வழியும் பாகு மாதிரி விசித்திரமாக இருக்கிறது. நாணல், பனி, காட்டு வாத்து என்று மரபான பொருள்கள் எல்லாம் வைத்துக்கொண்டு, மரபான உணர்ச்சியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்.

அவருடைய 1759ஆம் ஆண்டுப் பனியில் ஒஷிதோரி ஜோடியும் அப்படித்தான். மரபின்படி இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டி இருக்க வேண்டும். இங்கே ஆண் கரையில் ஒற்றைக்காலில் நிற்கிறது, பெண் தலையை நீருக்குள் விட்டு இரை தேடுகிறது. சுற்றிலும் சிப்பிச் சுண்ணத்தின் வெள்ளையைத் தெறித்துச் செய்த பனி. தம்பதி என்ற கற்பனையைக் கலைக்காமல், ஆனால் அதற்கு வளைந்தும் கொடுக்காமல் வரைந்த படம் இது.

ஒஷிதோரி பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். பிரியாத தம்பதியை ஜப்பானியர் இன்றும் 'ஒஷிதோரித் தம்பதி' என்பார்கள். 1254இல் தொகுக்கப்பட்ட கொகொன் சோமொன்ஜூவில் ஒரு கதை: வட நாட்டில் அகனுமா என்ற இடத்தில் ஒரு வேடன் ஆண் ஒஷிதோரியை எய்து தன் வல்லூறுக்கு இரையாக்கினான். இரவு கனவில் ஒரு பெண் வந்து அழுது, துணையின்றித் தனியே உறங்கும் துயரைப் பாட்டாகச் சொன்னாள். அப்புறம் பார்த்தால், ஆணின் மிச்சத்தோடு அலகைக் கோத்தபடி பெண் பறவை செத்துக் கிடந்தது. வேடன் துறவியானான். எழுத்தாளர் லஃப்காதியோ ஹெர்ன் 1904இல் இதைத் திரும்பச் சொன்னபோது, பெண் பறவை வேடனின் கண் முன்னாலேயே தன் உடலைக் கிழித்துக்கொண்டு சாகிறது. பழைய கதையின் அடக்கம் எனக்கு மேல். உயிரியல் வேறு மாதிரி சொல்கிறது: பெண் அடைகாக்கும் காலத்தில் ஆண் பொதுவாக விலகிப்போய்விடும், ஜோடி குளிர்காலத்துக்குக் குளிர்காலம் புதிதாகச் சேரும். குளத்தில் மனிதர்கள் பார்ப்பது அந்தக் குளிர்கால மாதங்களை மட்டும்தான், கதை அதிலிருந்து வந்தது.

தாராவுக்கு ஓவியத்தில் கிடைத்த மிகப்பெரிய மரியாதை ஓவியர் ஹொகுசாயின் முதுமையில் வந்தது. 1847இல், தனக்கு வயது 88 என்று கையொப்பமிட்டு வரைந்த ஓடும் நீரில் தாராக்கள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு தாரா நீருக்குள் போய்விட்டது. அதன் உடலை நீர்ப்பரப்பின் வழியாகப் பார்க்கிறோம். சிவந்த மேப்பிள் இலைகள் மிதக்கின்றன. நீர்மேல், நீருக்குள் என்று இரண்டு உலகங்கள் ஒரே பட்டில். முரசாகி நினைத்துக்கொண்ட கால்களை ஒருவர் வரைந்தே காட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

மர அச்சுக் காலத்தில் இந்தப் பறவை சாதாரண மக்களின் வீட்டுக்கு வந்தது. அதோடு விளையாட்டும் வந்தது. ஹருனோபு 1766 வாக்கில் எட்டுக் காட்சிகளை வீட்டு அறைக்குள் கொண்டுவந்தார். அவருடைய 'இறங்கும் காட்டு வாத்துகள்' படத்தில் பறவையே கிடையாது. கோதோ என்ற தந்தி வாத்தியம், அதன் தந்திகளுக்கடியில் சாய்வாக வரிசை கட்டி நிற்கும் சின்னக் குதிரைகள், அதாவது தந்தியைத் தாங்கும் கட்டைகள். அந்தச் சாய்ந்த வரிசைதான் காட்டு வாத்துகள். வாங்கிப் பார்த்த கடைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பழைய கவிதை எவ்வளவு தூரம் தெரிந்திருந்தால் இந்த ஜோக் எடுபட்டிருக்கும்!

ஹிரோஷிகேயின் 'நிலாவில் காட்டு வாத்து' 1830களின் தொடக்கத்தில் வந்தது. குறுகிய நீளமான தாள், பெரிய நிலா, அதன் முன்னால் மூன்று பறவைகள் சரிகின்றன. ஓரத்தில் ஒரு பாட்டு: இப்படி ஓர் இரவு இனியும் வாய்க்குமா, நிலாவில் காட்டு வாத்து. 1949இல் இதை 8 யென் தபால்தலையாகப் போட்டார்கள், தபால்தலை சேர்ப்பவர்கள் மத்தியில் அதற்குத் தனி மவுசு. அவரே பனி படிந்த நாணலடியில் தாராவையும் வரைந்தார். அதிலுள்ள பாட்டில் தாரா கத்த, காற்றில் நீரின் முகம் சுருங்குகிறது. இவை விலை குறைந்த அச்சுகள். பாட்டுக்கு விளக்கமாகப் படமோ, படத்துக்கு விளக்கமாகப் பாட்டோ இல்லை; படத்தில் குரல் இல்லை என்பதால் பாட்டு குரலைத் தருகிறது.

ஹைக்கூ கவிஞர் இஸ்ஸாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இன்று முதல் நீங்கள் ஜப்பான் நாட்டுக் காட்டு வாத்துகள், நிம்மதியாகத் தூங்குங்கள் என்று வந்திறங்கிய பறவைகளிடம் சொல்கிறார். வடகோடியில் சோதோகஹமா கடற்கரையில் இறங்குபவையிடம் சொல்வது. அந்தக் கரைக்கென்று ஒரு நம்பிக்கை உண்டு: காட்டு வாத்துகள் கடல் தாண்டி வரும்போது அலகில் ஒரு குச்சியைக் கவ்வி வருமாம், களைத்தால் அதை நீரில் போட்டு அதன்மேல் இளைப்பாறுமாம். கரை சேர்ந்ததும் குச்சியைப் போட்டுவிட்டு, வசந்தத்தில் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போகுமாம். எல்லாம் போன பிறகு கரையில் மிச்சமிருக்கும் குச்சிகள், திரும்பாத பறவைகளுடையவை. ஊர்க்காரர்கள் அவற்றைப் பொறுக்கி, வெந்நீர் காய்ச்சி, வழிப்போக்கர்களுக்குக் குளிக்கக் கொடுத்து அந்தப் பறவைகளுக்குப் புண்ணியம் தேடுவார்களாம். 'காட்டு வாத்துக் குளியல்' என்பது இன்றும் வசந்தகாலப் பருவச்சொல். எந்தப் பறவையும் குச்சி சுமப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், பருவச்சொல் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

இவ்வளவு ஏங்கியவர்கள் அவற்றைச் சாப்பிடவும் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாரா போட்ட நூடுல்ஸ் இன்றும் உண்டு. 'தாரா வெங்காயத்தாளையும் முதுகில் சுமந்து வருகிறது' என்ற பழமொழி, தானாக வந்து மாட்டும் ஏமாளியைக் குறிக்கும். கன்மொதொகி என்ற பொரித்த டோஃபுவுக்குப் பெயரே 'போலிக் காட்டு வாத்து'.

இன்று நிலைமை வேறு. மேய்ஜி காலம் (1868-1912) தொடங்கி, துப்பாக்கியும் சதுப்பு நிலங்களை வயலாக்கியதும் சேர்ந்து காட்டு வாத்துகளை விரட்டிவிட்டன. 1971இல் பாதுகாக்கப்பட்ட இனங்களாக அறிவித்து வேட்டையை நிறுத்தினார்கள். இப்போது பெருங்கூட்டமாகப் பார்க்க மியாகி மாகாணத்தின் இசுனுமா அல்லது கபுகுரினுமா பக்கம் போக வேண்டும். முதலாவது 1985இலும், இரண்டாவது சுற்றியுள்ள நெல்வயல்களோடு 2005இலும் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே அறுவடைக்குப் பின் வயலில் நீர் தேக்கி வைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். தோக்கியோவில் இருந்துகொண்டு ஹைக்கூவில் காட்டு வாத்து எழுதும் பெரும்பாலோருக்கு அது ஏட்டுப் பறவைதான்.

எப்படிப் பார்ப்பது என்ற கடைசிக் கேள்விக்கு: முதலில் என்ன பறவை, வருகிறதா போகிறதா என்று பாருங்கள், பருவம் கிடைத்துவிடும். பக்கத்தில் நாணலா, நிலாவா, பனியா என்று பாருங்கள், எந்த மரபு என்பது தெரியும். ஓரத்தில் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் பாட்டு; மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வாருங்கள். ஹிரோஷிகேயின் அச்சுகள் பல பிரதிகளாக உலகெங்கும் இருப்பதால் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதிலிருந்து தொடங்குவது எளிது. ஜகுச்சூவையோ முச்சியையோ நேரில் பார்க்கும் எண்ணமிருந்தால் பயணச்சீட்டு எடுக்கும் முன் கண்காட்சி அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். பட்டும் காகிதமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் இவற்றைச் சில வாரங்களுக்கு மேல் வெளியே வைக்க மாட்டார்கள்.